கை மட்டும் கொஞ்சம் நீளம்

ஆவரைவிளையில் சுயம்புலிங்கத்தின் வலது கையில் இரண்டாவது முழங்கை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு. உப்பளத்துக்குப் போகவேண்டிய பதினாலு பெண்கள் தூக்குவாளியும் தலைத்துணியுமாக வேப்பமரத்தடியில் நின்று அவனை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவனோ தன் பழைய பிக்கப் வண்டியின் வாய்க்குள் தலையைக் கொடுத்து, டீசல் பில்டரைத் தொடமுடியாமல் தொட்டுத் தொட்டு, வண்டியின் ஏழு தலைமுறையையும் ஏசிக்கொண்டிருந்தான்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுயம்புவின் கோபம் யாருக்கும் விளங்காது. அதற்கு வயது இருபத்தாறு. நிறம் நீலம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிறது. உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருந்த நிறத்துக்கு ஊரில் யாரும் பெயர் வைக்கவில்லை. அதற்கு இரண்டு டீசல் பில்டர்கள். ஒன்று அடியில், சட்டத்தை ஒட்டி. மல்லாந்து படுத்து, டீசல் அக்குளுக்குள் ஒழுகுவதைப் பொறுத்துக்கொண்டால் கழற்றிவிடலாம். மற்றதை, வண்டியைச் செய்தவன் பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்த அன்றைக்கு வைத்திருக்க வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால், டிரைவர் உட்காரும் அறையின் இரும்புச் சுவருக்கு முன்னால், மூன்று குழாய்களுக்கு அடியில் அது ஒளிந்திருந்தது. மேலிருந்து கை விட்டால் குழாய் தடுக்கும், கீழிருந்து விட்டால் கியர்ப்பெட்டி தடுக்கும், பக்கவாட்டில் விட்டால் கை நுழையும் முழங்கை நுழையாது, கண் போகிற வழியில் கை போகாது, கை போகிற வழியில் கண் போகாது. டீசல் டேங்க்கின் உள்ளே துரு, வெளியே உப்பு, டீசலில் தண்ணீர். ஆகவே இருபது நாளைக்கு ஒருமுறை பில்டர் அடைத்துக்கொள்ளும், வண்டி இரண்டு தடவை இருமும், பிறகு நடுரோட்டில் நின்றுவிடும்.

ஜங்ஷன் மெக்கானிக் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின எறக்குனாத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாகச் சுயம்புவே மாற்றினான். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு முறையும் விரல்முட்டித் தோல் கொஞ்சம் அந்தக் குழாய்களுக்குக் காணிக்கை. அவனுக்கு வயது முப்பத்தொன்பது, அப்பா அம்மா இல்லை, கல்யாணம் ஆகவில்லை, குடி இல்லை, பீடி இல்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம் அந்த வண்டியை ஏசுவதுதான். ஏசினான் என்றால் அப்படி இப்படி இல்லை, மூச்சு விடாமல், ஒரு வசவு இரண்டாம் முறை வராமல் ஏசுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் நடுவிரல் நகம் பில்டரின் விளிம்பில் பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு நூல் போகவில்லை. "சவத்து மூதி, எனக்கு ஒரு முழம் கூடுதலா இருந்தா ஒன்ன என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?" என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அப்போது அவன் கை அதுவரை மடங்காத ஓர் இடத்தில் மடங்கி, முதல் குழாயைச் சுற்றி, இரண்டாவதன் அடியில் புகுந்து, பில்டரை முழுசாகத் தேங்காயைப் பிடிப்பதுபோல் பிடித்தது. அவன் திருகினான். கழன்று வந்தது. புதிய பில்டரில் டீசல் நிரப்பி, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, உள்ளே விட்டு இறுக்கினான். எல்லாம் முடிந்து கையை வெளியே இழுத்தபோதுதான் அது வந்துகொண்டே இருப்பதைக் கவனித்தான். தோளுக்குக் கீழே ஒரு முழங்கை, அதற்குக் கீழே இன்னொரு முழங்கை, அதற்குக் கீழே கிரீஸ் அப்பிய அவனுடைய பழைய உள்ளங்கை.

பெண்கள் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவளான பேச்சித்தாய், "ஆச்சா? எடு வண்டிய, வெயில் ஏறுது" என்றாள். எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

ஊருக்குப் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. டெய்லர் சட்டைக்கு அளவெடுத்து, வலது கைக்கு மட்டும் துணி அதிகமாகும் என்று சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. சுகாதார நிலைய நர்ஸ், ரத்த அழுத்தப் பட்டையை எந்த முழங்கைக்கு மேலே கட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, இரண்டிலும் கட்டிப் பார்த்து, இரண்டும் சரியாக இருக்கிறது என்று சீட்டில் எழுதிக்கொடுத்தாள். பூக்காரி மாத்திரம்தான் சண்டைக்கு வந்தாள். நாலு பெண்கள் அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இனி இவன் கையால்தான் முழம் போடவேண்டும், மேல் முழங்கையிலிருந்துதான் அளக்கவேண்டும் என்று நின்றார்கள். அவள் பூக்கூடையை மூடிக்கொண்டு, ஏறிட்டுப் பார்க்காமல், பூ வாடும் முன்னே அவனை இடத்தைக் காலி பண்ணச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அவனுடைய கஷ்டகாலம். பில்டர் மாற்றுவது பத்து நிமிட வேலையாகிப் போனது, உண்மைதான். ஆனால் மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் ஊர் எடுத்துக்கொண்டது. பீரோவுக்குப் பின்னால் விழுந்த கம்மல், சாக்கடை மூடிக்கு அடியில் போன செல்போன், அம்மன் கோவில் வளைவில் எரியாத பல்பு, தண்ணீர்த் தொட்டிக்குள் சிக்கிய மிதவை, பனைமரப் பொந்தில் குஞ்சு பொரித்த கிளி, கன்று ஈனமுடியாமல் தவித்த பசு. எல்லாவற்றுக்கும் "சுயம்புவக் கூப்பிடு." சாப்பாட்டில் கை வைத்தால் வாசலில் ஆள் நிற்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் அவனை நடுவில் நிறுத்தி, நகராமலே இரண்டு வரிசைக்கும் சாம்பார் ஊற்றச் சொன்னார்கள். ஒருத்தர்கூட அந்தக் கை எப்படி வந்தது, வலிக்கிறதா, ராத்திரி எந்தப் பக்கம் மடக்கிப் படுக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். உப்புக்காற்று திரும்பும் நாட்களில் இரண்டாவது முழங்கை வலித்தது.

இதையெல்லாம் அவன் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அருள்வடிவு. உடன்குடிக்கு மேற்கே தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளின் ஓரத்தில் ஓர் ஊரில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள், வயது முப்பத்துநாலு. முதலில் கட்டிக்கொடுத்த இடத்தில் நாலு வருஷம் இருந்தாள். அந்தப் புருஷன் கை நீட்டுகிறவன். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் நீட்டுவான், குறைந்தாலும் நீட்டுவான். ஒருநாள் பகல் பஸ்ஸில் ஏறித் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள், பிறகு கோர்ட்டில் தீர்த்துக்கொண்டார்கள். பேச்சித்தாய்க்கு அவள் தூரத்து உறவு. பேச்சித்தாய்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

கை முளைப்பதற்கு ஐந்து மாதம் முன்னால், திருச்செந்தூர்க் கடற்கரையில், ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டிருந்த பக்கத்தில் நின்று அவர்கள் பத்து நிமிஷம் பேசினார்கள். அருள்வடிவு கேட்டது ஒரே கேள்வி: "கோவம் வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

சுயம்பு யோசித்தான். பொய் சொல்லத் தெரியவில்லை. "வண்டிய ஏசுவேன்" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள், ஆனால் கண் சிரித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் சுயம்பு அதற்குப் பிறகு வந்த மாதங்களை ஓட்டினான். அவளுக்கு ஒரே தம்பி, பால்துரை. ஒருமுறை ஏமாந்த வீடு, அதனால் அவன் அவசரப்படவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். அதில் தப்பு சொல்ல முடியாது.

அவன் விசாரிக்க ஆரம்பித்தபோது கை முளைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆவரைவிளை டீக்கடைப் பலகையில் இருந்த நம்பருக்குத்தான் முதலில் கூப்பிட்டான். கடைக்காரர் கோயில்பிச்சைக்குச் சுயம்பு மேல் உயிர். கடைக் கூரையில் ஒழுகிய ஓடுகளை மாற்றிக்கொடுத்தவன் அவன்தான், அதுவும் நின்ற இடத்திலிருந்தே. பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் மனசாரச் சொன்னார்:

"தங்கமான ஆளு தம்பி. குடி கிடையாது, பீடி கிடையாது, ஒரு சொல் சொன்னா சொன்னதுதான். கை மட்டும் கொஞ்சம் நீளம். அதுவும் இப்ப ஆறு மாசமாத்தான், அதுக்கு முன்ன இல்ல."

பால்துரை கேட்டான்: "என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"எங்களுக்குப் பழகிட்டு தம்பி. இந்த ஊர்ல அவன் கை போகாத வீடு கிடையாது. பீரோ கீரோ எல்லாம் அவன்தான். நாங்களே கூப்பிட்டு விடுவோம்னா பாத்துக்கிடுங்க."

பால்துரை போனை வைத்துவிட்டான். கோயில்பிச்சை நல்ல காரியம் செய்த திருப்தியோடு பாலை ஆற்றினார்.

கை நீளம் என்றால் என்ன அர்த்தம் என்று கோயில்பிச்சைக்குத் தெரியாதா? தெரியும். தமிழ் தெரிந்த எவனுக்கும் தெரியும்: ஒன்று, எடுக்கிற கை, இல்லாவிட்டால், அடிக்கிற கை. ஆனால் ஆறு மாதமாக ஆவரைவிளையில் அந்தச் சொல்லுக்கு சுயம்புவின் கை என்ற ஒரே அர்த்தம்தான் புழங்கியது. தினமும் கண்ணெதிரே நீண்டு மடங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பற்றி விளக்கிச் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மழை நனைக்கும் என்று யாராவது சேர்த்துச் சொல்வார்களா?

பால்துரை அடுத்துப் பேச்சித்தாய்க்கே போன் போட்டான். "சித்தி, ஆளுக்குக் கை நீளம்னு சொல்லுதாங்களே, நெசமா?"

"நெசந்தான்யா" என்றாள் பேச்சித்தாய். "மொத மொத நீண்டப்போ நாந்தான பக்கத்துல நின்னேன். நாங்க பதினாலு பொம்பளையளும் பாத்தோம். வண்டி மேல கோவத்துல இருந்தானா, அப்படியே நீண்டுட்டு. அதுக்கென்ன, வேலை வேகமா நடக்கு."

மறுநாள் காலை பேச்சித்தாயின் போனுக்கு ஒரு வரியில் செய்தி வந்தது: இது சரிப்படாது, அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சுயம்பு அதைக் கேட்டதும் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, யார் யார் என்ன என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு வாங்கினான். கேட்கக் கேட்க அவன் முகம் சிவந்தது. இருந்த கோபத்தில் அழுகையும் கலந்து வந்தது, அதை மறைக்கக்கூட அவன் முயற்சி பண்ணவில்லை.

"நான் நல்லதத்தானய்யா சொன்னேன்" என்றார் கோயில்பிச்சை.

"நல்லதா? என் வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டு நல்லதா? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, அது வேற கைன்னு சொல்லப்படாதா?"

ஊர் கூடிவிட்டது. தங்களால் கெட்டதைத் தாங்களே சரிபண்ணுவதாக எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கோயில்பிச்சை அப்போதே பால்துரைக்குப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து, "தம்பி, நீங்க நெனைக்க கை நீளம் இல்ல இது, இது நெசமாவே கை நீளம்" என்றார். பின்னாலிருந்து பேச்சித்தாய், "சின்ன நீளம் இல்லய்யா, ஒரு முழம்!" என்று கத்தினாள். டெய்லர், தானே அளந்திருப்பதாகச் சத்தியம் செய்தார். நர்ஸ், ரத்த அழுத்தம் சரியாக இருப்பதை எடுத்துச் சொன்னாள். பால்துரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊரே சேந்து ஒரு ஆள மறைக்கணும்னா அவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான்? இனிமே கூப்பிடாதீங்க அண்ணாச்சி" என்று சொல்லி வைத்தான். அதற்குப் பிறகு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுயம்பு குளித்து, துவைத்த முழுக்கைச் சட்டை போட்டு, யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தான். நேரில் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தான். வழியெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பார்த்துப் பார்த்து, இது இல்லாமல் விரல் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கலாம், தோல்தானே, முளைத்துவிடும் என்று புழுங்கிக்கொண்டே போனான். செம்மண் தேரி இரண்டு பக்கமும் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. பதினொரு மணிக்கு அருள்வடிவின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினான்.

பால்துரை வாசலுக்கு வந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அருள்வடிவு நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. பாத்துருங்க" என்று சொல்லி, சுயம்பு சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்துச் சுருட்டினான். சுருட்டினான், சுருட்டிக்கொண்டே இருந்தான். கீழ் முழங்கை வந்தது, மேல் முழங்கை வந்தது. அந்தக் கையை அவர்கள் இருவருக்கும் நடுவில் முழுசாக நீட்டிக் காட்டினான்.

பால்துரை நன்றாகப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. "சரி, கை நீளந்தான். நெசந்தான் சொல்லியிருக்காங்க" என்றான். "ஆனா அண்ணாச்சி, நீளமா இருக்குங்கதுனால எடுக்காது, அடிக்காதுன்னு ஆயிருமா? அதுல அப்படி எழுதியா இருக்கு?"

இவ்வளவு தூரம் வந்தும் இந்தக் கேள்வி சுயம்புவுக்குத் தோன்றவே இல்லை.

அருள்வடிவு அந்தக் கையை விரல்நுனியிலிருந்து தோள்வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். அவள் குரல் சண்டைக்குரல் இல்லை, தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற குரல். "அவன் அடிக்கும்போது நான் அடுக்களை மூலைக்கு ஓடிருவேன். அங்க அவனுக்கு எட்டாது" என்றாள். "இவ்வளவு நீளம்னா, நான் எங்க ஓடினாலும் எட்டுமே."

அவ்வளவுதான் சொன்னாள். சுயம்பு கையை மடக்கிக்கொண்டான். சட்டைக் கையை இறக்கிவிடக்கூடத் தோன்றவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் வண்டியில் ஏறி, கிளப்பினான். ஏதாவது ஒரு காரியம், ஒரே ஒரு காரியம் அன்றைக்கு அவனுக்கு ஒழுங்காக நடந்திருக்க வேண்டுமென்றால் அது அந்த இடத்தைவிட்டுப் போவதாகத்தான் இருந்திருக்கும். வண்டி பத்தடி நகர்ந்தது. இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

அவன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி, பின்னால் வைத்திருந்த புதிய பில்டரை எடுத்து, சட்டையைக் கழற்றிக் கதவில் போட்டு, பானெட்டைத் திறந்து, வேலையை ஆரம்பித்தான். ஆரம்பித்ததும் ஏச ஆரம்பித்தான்.

"நாசமாப் போற சவமே, நிக்கதுக்கு ஒனக்கு வேற எடமே கிடைக்கலியா? உப்பளத்துல நிக்கல, பாலத்துல நிக்கல, பம்புக்குப் பக்கத்துல நிக்கல, இங்க வந்து நின்னுருக்க, நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு இங்க நிப்பேன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா? ஒனக்கு நான் என்ன கொற வச்சேன்? எல்லாவனும் அஞ்சு வருசத்துல வித்துட்டுப் போறான், நான் ஒன்னக் கட்டிக்கிட்டு அழுதேனே! இந்தக் கையக் கொடுத்தது நீ, இப்ப இதால எம்பொழப்பக் கெடுத்ததும் நீ. ஒன்ன இரும்புக் கடைக்காரன்கூட வேண்டாம்னு சொல்லுவான், மூதி, தேரி மணல்ல ஒன்னப் பொதைச்சா அதுல உடைமரம்கூட முளைக்காது..."

ஜன்னல் வழியாக அருள்வடிவுக்கு எல்லாம் கேட்டது. உள்ளே வேலையைப் பார்க்கலாம் என்று போனவள் திரும்பி வந்தாள்.

வெயிலில் இரும்பு கொதித்தது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் வருகிற பில்டர் அன்றைக்கு வரவில்லை. யாரோ முன்ஜென்மத்தில் இறுக்கியதுபோல் பிடித்துக்கொண்டு நின்றது. போன தடவை இறுக்கியவன் அவனேதான் என்பது அவன் கோபத்தை இன்னும் கூட்டியது. பில்டர் ஸ்பேனரை உள்ளே கொண்டுபோய் மாட்டினால் நழுவியது, மாட்டினால் நழுவியது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ நழுவியபோது குழாயின் முனை உள்ளங்கையைக் கிழித்தது. சுயம்பு அலறிக்கொண்டு கையை வெளியே உருவினான். அந்த நீளக் கை ஸ்பேனரோடு தலைக்கு மேலே, பானெட்டுக்கு மேலே, வீட்டுக் கூரையின் விளிம்பு உயரத்துக்கு ஓங்கி நின்றது.

ஜன்னலில் அருள்வடிவு சட்டென்று பின்னால் போனதை அவன் பார்த்தான். அவள் தோள் சுருங்கியதையும் பார்த்தான். அவள் பத்தடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இருந்தும் பின்னால் போனாள்.

கை அப்படியே நின்றுவிட்டது. அதைக் கீழே இறக்குவதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது, மேலே வைத்திருக்கவும் வெட்கமாக இருந்தது. ஏச்சு வாயிலேயே செத்துப்போனது. கடைசியில் மெதுவாக, கீழ் முழங்கையை முதலில் மடக்கி, மேல் முழங்கையைப் பிறகு மடக்கி, ஸ்பேனரைச் சத்தம் வராமல் மண்ணில் வைத்தான். "பயப்படாதீங்க" என்று ஜன்னலைப் பார்க்காமல் சொன்னான். "இது வண்டிக்காக வந்த கை. வண்டியக்கூட நான் இன்னிக்கு வரைக்கும் அடிச்சதில்ல."

சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு சக்கரத்தை எட்டி உதைத்ததில்லை.

கைத்துண்டால் உள்ளங்கையைக் கட்டிக்கொண்டு, ஏசாமல், மறுபடியும் உள்ளே விட்டான். இந்தத் தடவை பிடித்தது. பழையது வந்தது, அதைச் சரித்தால் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. புதியது போனது. ஆனால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, அதை எடுக்க வேண்டும். வலது கையால் கைப்பம்பை அமுக்க வேண்டும், இடது கையால் காற்றுத் திருகைத் தளர்த்தி நுரை வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதே நேரத்தில் ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். எவ்வளவு நீளக் கையாக இருந்தாலும் அவனிடம் இருந்தது இரண்டுதான். பால்துரை கோபமாகப் பின்கட்டுக்குப் போயிருந்தான். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. சுயம்பு பம்பை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான், ஓடிவந்து பம்பை அமுக்கினான், மறுபடி ஓடினான். காற்று அவன் வருவதற்குள் திரும்பவும் உள்ளே போனது.

நாலாவது தடவை அவன் ஓடியபோது டிரைவர் சீட்டில் அருள்வடிவு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செய்யணும்?" என்றாள்.

சுயம்புவுக்கு மூச்சு வாங்கியது. சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுற்றவிடுவதற்கு வண்டிக்காரர்கள் சொல்வது செல்ப் அடிப்பது என்று. அவனுக்கு வேறு சொல் தெரியாது. முன்னால் போய், பம்பைப் பிடித்துக்கொண்டு, பானெட்டுக்கு அப்பாலிருந்து தொண்டை கிழியக் கத்தினான்: "அடிங்க!"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "யார?"

"சாவியத் திருப்பி அடிங்க! செல்ப!"

அவள் அடித்தாள். "நிறுத்துங்க!" நிறுத்தினாள். அவன் பம்பை அமுக்கினான், நுரை வந்தது. "அடிங்க!" அடித்தாள். "நல்லா அடிங்க, பயப்படாதீங்க, இன்னும் அடிங்க!" அக்காவை எவனோ அடிக்கச் சொல்கிறான் என்று நினைத்துப் பால்துரை கையில் விறகோடு பின்கட்டிலிருந்து ஓடிவந்தான். வந்து பார்த்தால் அக்கா வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறாள், அந்த ஆள் டீசலில் குளித்துக்கொண்டு "அடிங்க, அடிங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான், அக்கா சிரிக்கிறாள். வாயை மூடிக்கொள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை.

வண்டி ஒருமுறை உதறி, கரும்புகை கக்கி, கிளம்பியது. அவள் அதை ஓடவிட்டே இறங்கினாள். பால்துரை விறகைக் கீழே போட்டான்.

அவள் வீட்டுக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீரும் துணி சோப்பும் கொண்டுவந்தாள். சுயம்பு குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான். வலது கையை நீட்டும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

"கோவம் தீந்துட்டா?" என்றாள்.

"அது எப்படித் தீரும்? இருபது நாள்ல மறுபடி அடைச்சிரும்."

அவள் தண்ணீரை ஊற்றினாள். "ஒண்ணு சொல்லிருதேன். இன்னிக்கு மேல தூக்குனீங்கள்ல, அது மாதிரி என் முன்னால ஒருதடவ தூக்குனா, நான் இருக்க மாட்டேன். மூலைக்கெல்லாம் ஓட மாட்டேன், பஸ் ஏறிருவேன். அப்புறம் இந்தக் கை எத்தன முழம் வளந்தாலும் எட்டாது."

"சரிங்க" என்றான் சுயம்பு. காலையில் சொன்ன அதே சொல்தான்.

"தம்பிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். பால்துரை அங்கேயேதான் நின்றான். அதனால் அவன் தேரிப் பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டான்.

விரல்களில் சோப்பு போட்டு, கிழிந்த உள்ளங்கையைச் சுற்றித் தேய்த்து, கீழ் முழங்கை வரைக்கும் வந்தபோது செம்பு காலியாகிவிட்டது. மேல் முழங்கை வரைக்கும் கறுப்பு அப்படியே இருந்தது. "அப்படியே நீட்டிக்கிட்டு இருங்க, மடக்கிராதீங்க" என்று சொல்லிவிட்டு அருள்வடிவு இன்னொரு செம்பு எடுத்துவர உள்ளே போனாள்.